காற்றாலைக்குள் ஒரு சைக்கிள்: விம்பே கிராமத்து நிகழ்வு ஆய்வு

வில்லியம் கம்குவாம்பாவின் கதையைப் பலரும் கேட்டிருப்பார்கள். ஆப்பிரிக்காவில் மலாவி என்றொரு நாடு, அங்கே ஒரு குக்கிராமம், ஒரு பஞ்சம், படிப்பை நிறுத்திய 14 வயதுப் பையன், காயலான் சாமான்களை வைத்து அவன் கட்டிய காற்றாலை. சொல்பவர்கள் இரண்டே நிமிடத்தில் சொல்லி முடித்துவிடுவார்கள். பசி வந்தது, மூளை வேலை செய்தது, விளக்கு எரிந்தது.

எனக்கு அந்த வேகம்தான் உறுத்தல். அதே வருடம் அதே ஊரில் பசித்துக் கிடந்த எல்லோருக்கும் காற்றாலை தோன்றவில்லை. பலருக்கு எழுந்து நடக்கவே தெம்பில்லை. "வறுமைதான் அவனுக்குக் கற்றுக்கொடுத்தது" என்று சொல்லிவிட்டால், உண்மையில் எது கற்றுக்கொடுத்தது என்று தேட வேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது. கையில் இருப்பதை வைத்து ஒப்பேற்றும் திறமை அவனுக்கு எங்கிருந்து வந்தது, எந்த வரிசையில் வந்தது, எங்கே காலை வாரியது? இந்த மூன்றையும்தான் இங்கே பார்க்கப் போகிறேன்.

ஊரும் காலமும்

வில்லியமின் ஊரான விம்பே, மலாவியின் கசுங்கு மாவட்டத்தில் இருக்கிறது. சோளமும் புகையிலையும் விளையும் பூமி. வில்லியமின் குடும்பமும் விவசாயக் குடும்பம்தான். அவனுக்கு ஆறு சகோதரிகள். அந்தப் பக்கத்தில் சோள விவசாயம் மழையை நம்பியது. ஆண்டு முடியும் தறுவாயில் மழை இறங்கும்போது விதைப்பார்கள், அடுத்த ஆண்டு ஏப்ரல், மே வாக்கில் அறுப்பார்கள். ஒரு போகம் போனால் அந்த வருடமே போனது. நல்ல வருடத்திலும் ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் இழுபறிதான். பழைய சோளம் தீர்ந்திருக்கும், புதியது இன்னும் வயலில் நிற்கும்.

2001-இல் முதலில் வெள்ளம், பிறகு மழை இல்லை. அவசரத்துக்கு என்று வைத்திருந்த அரசின் தானியக் கையிருப்பு அதற்கு முன்பே விற்கப்பட்டிருந்தது. ஆண்டு முடிவதற்குள் வீடுகளில் சோளம் தீர்ந்தது, சந்தையில் விலை எட்டாத உயரத்துக்குப் போனது. வில்லியமின் வீட்டில் ஒரு நாளைக்கு ஒரே வேளைச் சாப்பாடு, அதுவும் இரவில். ஆளுக்கு மூன்று வாய் சோளக் களி வரும். 2002 தொடக்கத்தில் அவன் உயர்நிலைப் பள்ளியை விட்டு நிற்கிறான். ஆண்டுக்குச் சுமார் 80 டாலர் கட்டணம். வீட்டில் களிக்கே வழியில்லாதபோது அதைப் பற்றி யார் பேசுவது?

வழக்கமாகக் கதை இங்கேதான் ஆரம்பிக்கும். நான் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

ரேடியோக்களின் காலம்

பஞ்சத்துக்கு முன்பே வில்லியமும் அவன் உறவுக்காரப் பையன் ஒருவனும் ஊரில் ரேடியோ பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மூடியைத் திறப்பது, ஒரு பாகத்தைக் கழற்றுவது, சத்தம் போகிறதா குறைகிறதா என்று கேட்பது, திரும்ப மாட்டுவது. சாலிடரிங் இரும்பு கிடையாது, நெருப்பில் பழுக்கக் காய்ச்சிய கம்பிதான் அந்த வேலையைச் செய்தது. கெட்டுப்போன ரேடியோ ஒவ்வொன்றும் அடுத்த ரேடியோவுக்கான உதிரிபாகக் கிடங்கு. ஊருக்குள் மின்சாரம் இல்லை. பழுது பார்த்த ரேடியோவைச் சோதிக்கப் புதிய பேட்டரி வாங்கவும் வழியில்லை. ஆகவே மற்றவர்கள் தூக்கிப்போட்ட பேட்டரிகளைப் பொறுக்கிவந்து, ஒன்றின் பின் ஒன்றாக அடுக்கி, அவற்றில் மிச்சமிருந்த கடைசிச் சொட்டு மின்சாரத்தையும் சேர்த்து ஓட்டினார்கள்.

ஒப்பேற்றும் வேலையின் முதல் பாடம் இங்கே முடிந்துவிடுகிறது என்பது என் கணிப்பு. ஒரு பாகத்துக்கு என்ன பெயர் என்பது அந்தப் பையன்களுக்குப் பெரும்பாலும் தெரியாது. எடுத்தால் என்ன நிற்கும், வைத்தால் என்ன ஓடும் என்பது தெரியும். பெயரைத் தெரிந்துகொண்டவனுக்கு அந்தப் பெயருள்ள பொருள்தான் வேண்டும், கிடைக்காவிட்டால் வேலை நின்றுவிடும். வேலையைத் தெரிந்துகொண்டவனுக்கு அதைச் செய்யக்கூடிய எதுவும் போதும்.

அப்புறம் டைனமோ. ஒருவர் ஓட்டிவந்த சைக்கிளில் பெடலை மிதிக்க மிதிக்க விளக்கு எரிவதைப் பார்க்கிறான். நாமும் ஆயிரம் தடவை பார்த்திருப்போம், பார்த்துவிட்டு நகர்ந்திருப்போம். அவர்கள் அந்த ஒயரை விளக்கிலிருந்து பிரித்து ரேடியோவில் செருகிப் பார்த்தார்கள். பேட்டரி போடும் இடத்தில் கொடுத்தபோது ஒன்றும் நடக்கவில்லை. மாறுதிசை மின்சாரத்துக்கான (ஏசி) துளையில் செருகியதும் ரேடியோ பாடியது. இப்போது ஒரு விஷயம் கைக்கு வந்துவிட்டது: சுற்றினால் மின்சாரம் வரும். மனுஷன் மிதித்தால் களைத்துப்போவான், நிறுத்திவிடுவான். சுற்றுவதற்கு வேறு ஆள் வேண்டும்.

நூலகம்

பள்ளிக்குப் போகாத நாட்களில் நண்பர்களைவிடப் பாடத்தில் பின்தங்கிவிடக் கூடாது என்று அவன் விம்பே தொடக்கப் பள்ளி நூலகத்துக்குப் போனான். அலமாரிகள் மொத்தம் மூன்றுதான், பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து நன்கொடையாக வந்த புத்தகங்கள். ஆங்கிலம் தடுமாற்றம். படத்தைப் பார்ப்பான், படத்தின் கீழே உள்ள எண்ணைப் பிடித்துக்கொண்டு அது எந்தப் பத்தியில் வருகிறது என்று தேடுவான், தெரியாத சொல்லுக்கு அகராதியைப் புரட்டுவான். ஆற்றலைப் பற்றிய ஒரு பள்ளிப் பாடநூலின் அட்டையில் வரிசையாகக் காற்றாலைகள். காற்றாலை தண்ணீர் இறைக்கும், மின்சாரமும் தரும் என்று உள்ளே எழுதியிருந்தது.

அவனுக்கு முதலில் பிடித்துப்போனது தண்ணீர் இறைக்கும் என்ற பகுதிதான். தண்ணீர் வந்தால் மழைக்குக் காத்திருக்க வேண்டாம், வருடத்துக்கு இரண்டாவது போகம் போடலாம், இன்னொரு பஞ்சம் வீட்டு வாசலுக்கு வராது. விளக்கு என்பது அவன் கணக்கில் இரண்டாவது. எப்படிச் செய்வது என்று அந்தப் புத்தகத்தில் படிப்படியான செய்முறை இல்லை, காற்றாலை என்ன செய்யும், மின்சாரம் எப்படிப் பிறக்கும் என்பது மட்டும் இருந்தது. ஒரு வகையில் அதுவே நல்லதாகப் போயிற்று. முழுச் செய்முறையும் உதிரிபாகப் பட்டியலும் கிடைத்திருந்தால், அந்தப் பட்டியலில் ஒன்றுகூடத் தன்னிடம் இல்லை என்று அவன் புத்தகத்தை மூடி வைத்திருக்கலாம்.

முதலில் சின்னதாக ஒன்று செய்து பார்த்தான். பிளாஸ்டிக் குப்பியை வெட்டி இறக்கை, ரேடியோ கேசட் பகுதியிலிருந்து கழற்றிய சிறு மோட்டார். மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்தால் அது சுற்றும், அதையே நாம் சுற்றிவிட்டால் மின்சாரம் தரும். காற்று அடித்தது, இணைத்த ரேடியோ பேசியது. பெரியது கட்டும் முன் சிறியதில் சோதித்துப் பார்க்கும் இந்தப் பொறுமையைக் கதை சொல்கிறவர்கள் சாதாரணமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

கட்டுமானம்

அவன் படித்த உயர்நிலைப் பள்ளிக்கு எதிரே, கைவிடப்பட்ட பழைய தோட்டம் ஒன்றின் இரும்புச் சாமான்கள் குவிந்து கிடந்தன. துருப்பிடித்த வண்டிகள், டிராக்டர் உடல்கள், குழாய்கள். பள்ளியில் இருந்த அந்தக் கொஞ்ச நாளிலேயே அந்த இடம் அவன் கண்ணில் பட்டிருந்தது.

இறக்கைகளை நடுவில் பிடித்துக்கொள்ள ஒரு சக்கரம் வேண்டும். டிராக்டரின் குளிர்விக்கும் விசிறி கிடைத்தது. அந்த விசிறிக்கு அச்சுத் தண்டு வேண்டும், அதற்கு ஷாக் அப்சார்பருக்குள் இருக்கும் இரும்புத் தண்டு. இறக்கைகளுக்கு, உறவினர் வீட்டுக் குளியலறையிலிருந்து தண்ணீர் வெளியேறிய பிவிசி குழாய். பிவிசி சுமார் 80 டிகிரி செல்சியஸில் இளகும், அதைத் தாண்டி அதிகம் சுட்டால் கருகி நச்சுப் புகை விடும். வெப்பமானி எதுவும் இல்லாமல், நெருப்பின் மேல் காட்டிக் காட்டிக் குழாயை வளைத்து, விரித்து, தட்டையாக்கினான். துளைபோடும் கருவி இல்லை. ஒரு ஆணியை, மணி உதிர்த்த சோளக் கதிர்க் கட்டையில் செருகிப் பிடியாக வைத்துக்கொண்டு, நெருப்பில் பழுக்கக் காய்ச்சிக் குத்தினான். வாஷருக்குப் பதில் தட்டையாக்கிய பாட்டில் மூடிகள். ஸ்க்ரூ டிரைவர் ஒரு சைக்கிள் கம்பி.

இந்தப் பட்டியலை யாரும் வியந்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடலாம். நான் நின்று பார்க்க விரும்புவது சைக்கிளை. அப்பாவின் உடைந்த சைக்கிள் சட்டத்தைத்தான் இயந்திரத்தின் உடம்பாக வைத்தான். ஏன் சைக்கிள்? கைக்குக் கிடைத்தது என்பது பாதிப் பதில்தான்.

காற்றாலையின் பெரிய சிக்கல் வேகம். பெரிய இறக்கை மெதுவாகத்தான் சுற்றும், நிமிடத்துக்கு சில பத்து சுற்றுகள். டைனமோவோ நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றினால்தான் உருப்படியாக மின்சாரம் தரும். நடுவில் வேகத்தைப் பெருக்கும் பல்லிணைப் பெட்டி வேண்டும், அதைக் காயலான் குவியலில் தேடிக் கண்டுபிடித்துச் சீராக்குவது பெரும்பாடு. இப்போது சைக்கிளைப் பாருங்கள். சாதாரணச் சைக்கிள் கணக்கில், பெடல் பக்கத்துப் பற்சக்கரத்தில் 44 பல், பின்சக்கரத்தில் 18 பல் என்று வைத்துக்கொள்வோம். பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் கிட்டத்தட்ட இரண்டரைச் சுற்று. அந்தச் சக்கரத்தின் குறுக்களவு சுமார் 65 சென்டிமீட்டர், டயரில் உரசும் டைனமோ உருளை இரண்டரை சென்டிமீட்டர். அங்கே 26 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் அறுபதுக்கும் மேல். இறக்கை ஒரு சுற்றுச் சுற்ற, டைனமோ அறுபது சுற்று. ஆளின் கால் சுற்றும் மெதுவான வேகத்தை டைனமோவின் வேகமாக மாற்ற யாரோ எப்போதோ கணக்குப் போட்டு வைத்ததுதான் சைக்கிள். காலை எடுத்துவிட்டுக் காற்றை வைத்தான், அவ்வளவுதான். விசிறித் தண்டைப் பெடல் பற்சக்கரத்தோடு சேர்த்து வெல்டிங் செய்தாயிற்று, செயின் பின்சக்கரத்தைச் சுழற்றும், சக்கரம் டைனமோவைச் சுழற்றும்.

வெல்டிங்கைத் தன் கையால் செய்ய முடியாது, காசு கொடுத்துத்தான் ஆக வேண்டும். அதற்காகக் கூலி வேலைக்குப் போய் லாரியில் விறகு ஏற்றினான். எல்லாம் சேர்ந்தும் கடைசியில் டைனமோ மட்டும் இல்லை. வாங்கப் பணமில்லாமல் வாரக்கணக்கில் வேலை நின்றது. பிறகு ஒருநாள் டைனமோ பூட்டிய சைக்கிளோடு ஒருவர் அந்த வழியாகப் போக, கூட இருந்த நண்பன் தன் காசைக் கொடுத்து அதை வாங்கித் தந்தான். மேலே 12 வோல்ட் என்று எழுதியிருந்தது. "தனியொருவன் சாதித்தான்" என்று சொல்கிறவர்கள் இந்த நண்பனை எங்கே வைப்பார்கள் என்று தெரியவில்லை. யூகலிப்டஸ் மரங்களை வெட்டி, சுமார் ஐந்து மீட்டர் உயரக் கோபுரம் கட்டி, இயந்திரத்தைக் கயிறு போட்டு மேலே இழுத்ததும் மூன்று பையன்கள் சேர்ந்துதான்.

ஊரார் அதற்குள் முடிவுகட்டியிருந்தார்கள். அந்த ஊரில் பேசும் சிச்சேவா மொழியில் 'மிசாலா' என்றால் பைத்தியம். காயலான் குவியலில் தினமும் குடைகிற, பள்ளிக்கூடம் போகாத பையனுக்கு அந்தப் பெயர் வந்ததில் ஆச்சரியமில்லை. இயந்திரத்தை ஏற்றிய அன்று வேடிக்கை பார்க்கத்தான் கூட்டம் கூடியது. சக்கரம் சுற்றாமல் தடுத்து வைத்திருந்த கம்பியை உருவினான். இறக்கை மெதுவாக அசைந்தது, வேகம் பிடித்தது. கையில் பிடித்திருந்த பல்பு மினுக்கி மினுக்கிக் கடைசியில் நின்று எரிந்தது.

எரிந்த பிறகு

பெரும்பாலான சொல்முறைகள் இந்த இடத்தில் கைதட்டி முடித்துவிடும். ஒப்பேற்றுவதில் இருக்கிற கடினமான பகுதி இதற்குப் பிறகுதான்.

முதலில் ஒரு விளக்கு, பிறகு நான்கு. சைக்கிள் டைனமோ தருவது சில வாட்கள்தான், அதற்குள் அடக்கி வாசிக்க வேண்டும். காற்று நின்றால் இருட்டு, ஆகவே ஒரு கார் பேட்டரி சேர்ந்தது. சுவிட்சு கடையில் வாங்கியதல்ல. பிவிசி துண்டில் சின்னப் பெட்டி, தேய்ந்த ரப்பர் செருப்பின் துண்டு, சைக்கிள் கம்பி, அதுவே சுவிட்சு. செல்போன் சார்ஜ் செய்ய 12 வோல்ட் போதாது என்று வோல்டேஜைக் கூட்டும் டிரான்ஸ்பார்மர் ஒன்றையும் தானே சுற்றினான். வீட்டு முன் போனோடு வரிசை நிற்க ஆரம்பித்தது. பைத்தியம் என்று சொன்னவர்களும் அந்த வரிசையில் நின்றிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

ஆனால் வீடு புல் கூரை. ஒயர்கள் மரச்சட்டங்களில் ஓடின. மரத்தைக் கரையான் அரித்துக்கொண்டிருந்தது. காற்றில் கூரை அசைந்து, சட்டம் இறங்கி, ஒயர்கள் ஒன்றோடொன்று சிக்கின. தீப்பொறி ஒன்று போதும், அக்கா தங்கைகளோடு வீடே போயிருக்கும். ஒப்பேற்றிய பொருளின் ஆபத்து இதுதான். கடையில் வாங்கிய சாதனத்தில் எதற்காக வைத்திருக்கிறார்கள் என்றே நமக்குத் தெரியாத பாகங்கள் பாதி பாதுகாப்புக்காக இருக்கும். நாமே கட்டும்போது ஓடுவதற்கு வேண்டியதை மட்டும் கட்டுவோம், பாதுகாப்பை விட்டுவிடுவோம், விட்டுவிட்டோம் என்பதும் தெரியாது.

அவன் அதற்குச் செய்த பதில், காற்றாலையைவிட எனக்கு அதிகமாகப் பிடித்தது. புத்தகத்தில் மின்சார மணியின் படம் இருந்தது. மின்சாரம் பாய்ந்தால் கம்பிச் சுருள் காந்தமாகும், காந்தம் எதையாவது இழுக்கும் அல்லது தள்ளும். அதே தத்துவத்தில், ஆணிகளில் செம்புக் கம்பியைச் சுற்றி, நடுவில் ஒரு காந்தத்தை வைத்தான். ஒயர்கள் சிக்கி அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ந்தால் சுருளின் பலம் கூடும், காந்தம் இடம் மாறும், இணைப்பு அறுந்துவிடும். நாம் வீட்டில் 'டிரிப் ஆகிவிட்டது' என்று சொல்வோமே, அதே வேலைதான். மணி அடிக்கத் தெரிந்த ஒன்றை வீடு காக்கும் ஒன்றாகப் படிக்கத் தெரிந்திருக்கிறது. ரேடியோ காலத்துப் பாடம் முற்றியதன் அடையாளம் இது. தன் கைவேலையிலேயே எங்கே கோளாறு வரும் என்று சந்தேகப்படவும் அவன் கற்றிருந்தான்.

ஓடாதவை

தோற்றவற்றையும் சொல்லியாக வேண்டும். சாண எரிவாயு செய்கிறேன் என்று ஆட்டுப்புழுக்கையை அம்மாவின் பானையில் போட்டு மூடி வைத்தான். நாற்றம்தான் கிடைத்தது, அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான், பானையும் போனது. கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கக் குழாய்க்குள் குழாய் விட்டு ஒரு கைப்பம்பு செய்தான். தண்ணீர் வந்தது, ஆனால் உரசல் அதிகம், அம்மாவால் இழுக்க முடியவில்லை. யாருக்காகச் செய்தானோ அவர்களால் பயன்படுத்த முடியாத பம்பு. இது வெறும் தொழில்நுட்பத் தோல்வி இல்லை. செய்தவனின் தோளை அளவாக வைத்துச் செய்த பொருள் அது, வாளி சுமக்கிறவரின் தோளை யாரும் அளக்கவில்லை. கிராமங்களுக்கு என்று வெளியிலிருந்து கொண்டுவந்து நடும் பல சாதனங்கள் கேட்பாரற்றுக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கிராமத்துக்குள்ளேயே பிறந்தவனுக்கும் அந்தத் தப்பு நடந்திருக்கிறது.

இன்னொன்று, ஊரின் நம்பிக்கை ஒருநாளில் வந்து நிலைத்துவிடவில்லை. சில வருடம் கழித்து மறுபடி மழை பொய்த்தபோது, மேகத்தை விரட்டுவது இந்தக் காற்றாலைதான் என்று பேச்சு எழுந்தது. போன் சார்ஜ் செய்ய வரிசையில் நின்ற ஊர்தான். சிரிக்கத் தோன்றவில்லை. 2002-ஐப் பார்த்தவர்கள் மழையைப் பற்றிப் பயப்படுவதில் என்ன தப்பு?

வரிசைப்படுத்திப் பார்த்தால்

வில்லியமிடம் இருந்தவற்றை எண்ணிப் பார்க்கிறேன். சில வருட ரேடியோ நோண்டல், தப்பு செய்தாலும் யாருக்கும் பெரிய நஷ்டம் வராத வேலை. படங்கள் உள்ள புத்தகம். நடந்து போகும் தூரத்தில், யாரும் விரட்டாத இரும்புக் குவியல். கூட நிற்க இரண்டு பையன்கள். பைத்தியம் என்று ஊர் சொன்னபோதும் வீட்டில் தடுத்து நிறுத்தாத அப்பா. இவற்றில் எதுவும் பஞ்சம் கொடுத்ததல்ல. பஞ்சம் கொடுத்தது வேலையில்லாத பகல்களையும் ஒரு நோக்கத்தையும்தான். எடுத்துக்கொண்டது அதிகம்: பள்ளிக்கூடம், உடம்பின் தெம்பு, டைனமோவுக்காகக் காத்திருந்த வாரங்கள். வசதி இல்லாததால் ஒப்பேற்றினான் என்பது சரி. வசதி இல்லாததால் ஒப்பேற்றக் கற்றுக்கொண்டான் என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மூன்று அலமாரி நூலகம் மட்டும் அந்த ஊரில் இல்லாமல் இருந்திருந்தால் நமக்கு இந்தக் கதையே கிடைத்திருக்காது.

2006-இல் மலாவி நாளிதழ் ஒன்று அவனைப் பற்றி எழுதியது. 2007-இல் தான்சானியாவின் அருஷாவில் நடந்த டெட் (TED) என்ற உரை மாநாட்டு மேடையில் ஏறினான். பிறகு உதவி வந்தது, விட்ட படிப்பு தொடர்ந்தது, தென்னாப்பிரிக்காவில் படித்து 2014-இல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் பட்டம் பெற்றார். பணம் கைக்கு வந்ததும் ஊரில் அவர் செய்தவை கவனிக்க வேண்டியவை. புல் கூரையை எடுத்துவிட்டுத் தகரக் கூரை போட்டார். வீட்டு ஒயர்களை ஒழுங்காக மாற்றினார். சூரிய ஒளித் தகடுகள் வந்தன. ஊருக்குக் குடிதண்ணீர் தர, சூரிய மின்சாரத்தில் ஓடும் பம்பு வைத்தார். நூலகத்தில் முதன்முதலாக அவர் கண்ணில் பட்ட அந்தத் தண்ணீர், கடைசியில் பழைய சாமான்களிலிருந்து வரவில்லை. கடையில் காசு கொடுத்து வாங்கிய நல்ல பம்பிலிருந்துதான் வந்தது.